பழைய எஞ்சின் பார்க்கப் போகும் பொடியன்மாருக்கு

கதிரவெளிக் கரையில் தொழிலுக்கு இறங்கும் பொடியன்மாரில் தன் முதல் எஞ்சினைப் பெட்டி உடைத்து எடுத்தவன் அபூர்வம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, கடையில் புது எஞ்சினின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுகிறவர்கள்தான் கூட. ஆகவே பழையதுதான். வாழைச்சேனையில் ஒன்று நிற்கிறதாம், வாகரையில் ஒருவர் கழிக்கப் பார்க்கிறாராம், வெருகலுக்கு அங்கால் ஈச்சிலம்பற்றில் மலிவாய் ஒன்று கிடக்கிறதாம் என்று போன் வரும். உடனே காசை மடியில் கட்டிக்கொண்டு ஓடாதே, மனே. எந்தப் பழுதான எஞ்சினும் பத்து நிமிடம் நன்றாக ஓடும். அந்தப் பத்து நிமிடத்தைக் காட்டித்தான் விற்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தை நீ எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

1. எஞ்சினைப் பார்க்கப் போகுமுன் உன் படகைப் பார். எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரத்தை ஒரு நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். சிறிய எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டு அளவுக் காலோடு வரும்: குட்டைக்கால் 15 அங்குலம், நீட்டுக்கால் 20 அங்குலம். உயர்ந்த பலகையில் குட்டைக்காலை மாட்டினால் படகு அலையில் எழும்பும்போதெல்லாம் புரப்பெல்லர் காற்றைப் பிடித்து அலறும். தாழ்ந்த பலகையில் நீட்டுக்காலை மாட்டினால் களப்பின் மண்ணை உழுதுகொண்டு போவாய். விலை மலிவென்று வாங்கி வந்துவிட்டு, பிறகு பலகையை வெட்டியவர்களும் இருக்கிறார்கள், கட்டை அடித்து உயர்த்தியவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் பலகைதான் பலம் இழக்கும்.

குதிரைவலுவையும் இப்போதே முடிவு செய். பனிச்சங்கேணிப் பக்கம் களப்புக்குள் வலை வைக்கிறவனுக்கு 8 அல்லது 9.9 தாராளம். உண்மையைச் சொன்னால் அங்கே துடுப்பும் கம்புமே பலருக்குப் போதுமாக இருக்கிறது. கரையோரக் கடலுக்கு 15 அல்லது 25. தூரம் போகிறவனுக்கு 40. ஆசைக்குப் பெரிதாக வாங்கிவிட்டு எண்ணெய்க்குக் காசில்லாமல் கரையில் இருப்பவனையும் பார்க்கிறோமே. 25 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் குடிக்கும். 40 குதிரைவலு எஞ்சின் எழுபது கிலோ அளவில் வரும். அதை நாள்தோறும் கழற்றி வாடிக்குத் தூக்க உன்னோடு இன்னொரு தோள் வேண்டும்.

2. வாங்கும் காலம் வாடைக்காலம். ஐப்பசி பிறந்து கடல் அடிக்கத் தொடங்கினால் படகுகள் கரையேறிவிடும், வருமானம் நிற்கும், விற்க நினைப்பவர் விலையை இறக்குவார். பங்குனி, சித்திரையில் கடல் படியும்போது அதே எஞ்சினுக்கு வேறு விலை சொல்வார். வாடையில் வாங்குவதில் உள்ள ஒரே சங்கடம், கடலில் ஓட்டிப் பார்க்க முடியாது. களப்பில் ஓட்டிப் பார். அது போதும். பீப்பாய்த் தண்ணீரில் மட்டும் ஓட்டிக் காட்டினால் போதாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3. தனியாகப் போகாதே. மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போனால் அவருடைய நாள் கூலியைக் கொடு. இனாமாக வருகிற பாஸ் சில வேளை இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரராக இருப்பார்.

4. போகிறேன் என்று முதல் நாளே சொல். சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்: நான் வரும்வரை எஞ்சினை ஸ்டாட் பண்ண வேண்டாம். போய் இறங்கினவுடன் பேச்சுக்கு முன் மூடியைக் கழற்றி சிலிண்டரில் கையை வை. சூடாக இருந்தால் திரும்பி நின்று தேநீர் குடி. முழுதும் ஆறட்டும். ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். அவர் ஏன் என்று கேட்டால் மழுப்ப வேண்டாம், "ஆறின எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும்" என்று சொல். ஆறின நிலையில் ஸ்டாட் ஆகாத எஞ்சினை விடியப்புறம் ஒருவர் முப்பது தரம் கயிறு இழுத்துச் சூடாக்கி வைத்திருப்பது பழைய வித்தை. நீயும் விடியப்புறம் மூன்று மணிக்குத்தான் கடலுக்கு இறங்கப் போகிறாய். அப்போது உனக்காக யாரும் முப்பது தரம் இழுக்க மாட்டார்கள்.

5. ஆறும் நேரத்தில் கடதாசியைப் பார். எஞ்சின் இலக்கம் பலகையில் மாட்டும் தாங்கியில் சிறு தகட்டில் இருக்கும். பல எஞ்சின்களில் உடம்பிலும் ஓரிடத்தில் அடித்திருக்கும். இரண்டும் ஒன்றா என்று பார். தகடு சுரண்டப்பட்டிருந்தால், ஆணி புதிதாக இருந்தால், "கடல் உப்பு தின்றுவிட்டது" என்ற கதை வந்தால், எழும்பி வா. உப்பு எழுத்தை மட்டும் தேடித் தின்னாது. களப்போரம் கட்டிய படகிலிருந்து இரவில் எஞ்சின் களவு போவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. களவு எஞ்சின் உன் கையில் பிடிபட்டால் எஞ்சினும் போகும், காசும் போகும், பொலிசுக்கும் நீதான் நடப்பாய்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரக வளமூலங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகைப் பதிய வேண்டும். ஆகவே விற்பவரின் படகுப் பதிவைக் கேட்டு வாங்கி, எஞ்சின் விபரத்தை ஒப்பிடு. கடற்றொழில் பரிசோதகரிடம் இலக்கத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேட்பதில் வெட்கம் இல்லை. இன்னொன்று: 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் இந்தக் கரை முழுதும் படகும் எஞ்சினும் கொடுத்தன. அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. ஆனால் கை மாறி, கை மாறி வந்திருக்கும். சிலது தனி ஆளுக்குக் கொடுத்தது, சிலது சங்கத்துக்குக் கொடுத்தது. சங்கத்துப் பொருளை ஒருவர் தன் பொருளாக விற்க முடியாது. கடனுக்கு எடுத்த எஞ்சின் என்றால் கடன் தீர்ந்த துண்டைப் பார்க்காமல் காசு எண்ணாதே.

6. இப்போது வெளித்தோற்றம். வண்ணம் புதிதாக அடித்திருந்தால் சந்தோஷப்படாதே, எதை மறைத்தார்கள் என்று தேடு. எனக்கு அழுக்கு எஞ்சின்தான் பிடிக்கும். அழுக்கு எதையும் மறைக்காது. ஆணித் தலைகளைப் பார்: ஸ்பனர் வழுக்கி மழுங்கின தலை என்றால் அங்கே பலமுறை கை வைத்திருக்கிறார்கள். சிலிண்டர்த் தலையின் பக்கம் வண்ணம் பொங்கி உரிந்திருந்தால் அந்த எஞ்சின் ஒருநாள் தண்ணீர் இல்லாமல் காய்ந்திருக்கிறது. காலின் நுனியில் சுறாச் செட்டை மாதிரி தொங்கும் தகடு உடைந்திருந்தால் கல்லில் அடித்திருக்கிறது, அப்போது உள்ளே தண்டும் வளைந்திருக்கலாம். துத்தநாகக் கட்டியைப் பார். அது தான் கரைந்து எஞ்சினைக் காப்பாற்ற வைத்தது. பாதி கரைந்திருந்தால் நல்லது, வேலை செய்திருக்கிறது. அதன்மேல் வண்ணம் அடித்திருந்தால் எஞ்சினின் அலுமினியம்தான் அதற்குப் பதிலாகக் கரைந்திருக்கும்.

பலகையில் இறுக்கும் இரண்டு கைத்திருகுகளையும் முழுதாகத் திருகிப் பார். இறுகிப்போயிருந்தால், காலை முன்னும் பின்னும் தூக்க முடியாமல் இருந்தால், அது உப்புப் பிடித்த எஞ்சின். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். கொஞ்சம் ஆட்டம் இருப்பது வயது. கையில் தட்டும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் புஷ் போய்விட்டது.

7. தண்ணீருக்குள் விழுந்த எஞ்சினை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். ஆற்றுவாயில் படகு கவிழ்ந்தால் எஞ்சின் முழுகும். வெள்ளத்திலும் முழுகும். முழுகியதை அன்றே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை இறைத்து, ஒயில் ஊற்றி அன்றைக்கே ஓட்டியிருந்தால் அது பிழைத்திருக்கும். இரண்டு நாள் வெயிலில் வைத்து "காயவிட்ட" எஞ்சின் பிழைக்காது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் கிராங்க் தண்டுப் பெயரிங்குகளுக்குத் தனி ஒயில் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து வரும் ஒயில்தான் அவற்றின் உயிர். உப்புத் தண்ணீர் அங்கே புகுந்து காற்றுப் பட்டால் துரு உடனே பிடிக்கும்.

அடையாளம் சொல்கிறேன். பறப்புச் சில்லின் (பிளைவீல்) அடியில் டோர்ச் அடித்துப் பார்: நைசான மணல், செந்துரு, வயர்களின் முனையில் பச்சைப் பூ. காபரேற்றரின் வெளியே வெள்ளைப் பொடி. பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கயிறு இழுத்தால் உள்ளே மணல் அரைபடுவது போல் ஒரு உராய்வு கைக்குத் தெரியும். காதால் அல்ல, கையால் கேள். ஓடும்போது அந்தச் சத்தம் இரைச்சலில் மறைந்துவிடும்.

8. பிளக். இரண்டையும் நீயே கழற்று, எது மேல் சிலிண்டர், எது கீழ் என்று குழப்பாதே. பிளக் புதிதாக இருந்தால் "பழையது எங்கே?" என்று கேள். முனை தேங்காய்ச்சிரட்டை நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்து ஒயில் வடிந்தால் ஒயில் கூடக் கலக்கிறார்கள் அல்லது நெருப்புப் பலமில்லை. வெளுத்து மணல் போல் இருந்தால் காற்றுக் கூடி, எண்ணெய் குறைந்து, சூடேறி ஓடியிருக்கிறது. சின்ன வெள்ளிப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டன் உருகின அலுமினியம். அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு பிளக் அழுக்காக, மற்றது கழுவி வைத்தது போல் பளிச்சென்று இருந்தால் பளிச்சென்று இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் ஆவியாகிக் கழுவியிருக்கிறது. தலைக் கேஸ்கட் போயிருக்கலாம்.

பிளக் கழன்றிருக்கும்போதே அழுத்தம் பார். அழுத்த மீற்றர் வாகரையில் இரவல் கிடைக்கும், வாங்கினாலும் ஒரு வலைத்துண்டின் விலைதான். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடம்பில் படும்படி கட்டிவிட்டு (கட்டாவிட்டால் சிடிஐ பெட்டி எரியும், விற்பவர் உன்னிடம் காசு கேட்பார், நியாயமாகவே கேட்பார்), திரொட்டிலை முழுதும் திறந்து, முள் ஏறி நிற்கும்வரை நாலைந்து தரம் பலமாக இழு. பெற்றோல் எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலுக்கு மேல் வந்தால் மனம் ஆறலாம். மண்ணெண்ணெய் எஞ்சினில் இயல்பாகவே குறையும். ஆனால் எண் எத்தனை என்பதைவிட இரண்டு சிலிண்டரும் ஒத்துப்போகின்றனவா என்பதே பெரிது. ஒன்று 115, மற்றது 110 என்றால் இரண்டும் சேர்ந்து கிழடாகின்றன, இன்னும் சில வருடம் ஓடும். ஒன்று 120, மற்றது 85 என்றால் ஒன்றில் ரிங் உடைந்தோ பிஸ்டன் கீறுபட்டோ இருக்கிறது. பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே விலையைப் பேசு. இருபதைத் தாண்டினால் வேண்டாம்.

மீற்றர் இல்லாவிட்டால் பிளக்கை மாட்டி மெதுவாகக் கயிறு இழு. இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு தடை கைக்குத் தெரிய வேண்டும், ஒரே பலத்தில்.

9. மண்ணெண்ணெய். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையில் கைமாறும் எஞ்சின்களில் நிறைய மண்ணெண்ணெய் குடித்தவை. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறும்வரை மண்ணெண்ணெய்தான் ஏழை மீனவனுக்குக் கட்டுப்படியானது. அதனால் இரண்டு வகை எஞ்சின் சந்தையில் உண்டு. ஒன்று, கொம்பனியே மண்ணெண்ணெய்க்கென்று செய்தது. யமஹாவில் ஈ.கே. என்று தொடங்கும் மாதிரிகள் அப்படி. மற்றது, பெற்றோல் எஞ்சினை ஊர்ப் பட்டறையில் மாற்றியது.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆறின எஞ்சினில் அது துளியாகவே சிலிண்டருக்குள் போய் ஒயிலைக் கழுவிவிடும். அதோடு அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தட்டும். அதனால்தான் கொம்பனி மண்ணெண்ணெய் எஞ்சினில் அழுத்தத்தைக் குறைத்துச் செய்கிறது. பெற்றோலில் ஸ்டாட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்பி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். பட்டறையில் மாற்றும்போது சிலர் தலைக் கேஸ்கட்டை இரண்டாகப் போட்டு அழுத்தத்தைக் குறைப்பார்கள். அது மோசமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி மாற்றினவை வருடக்கணக்காக ஓடுவதும் உண்டு. ஒன்றும் மாற்றாமல் பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டினவர்களிடம்தான் பயப்பட வேண்டும். தலையின் ஓரத்தில் கேஸ்கட் எத்தனை படை தெரிகிறது என்று பார். புகை போகும் வாயில் விரல் விட்டுப் பார்: கரி கட்டியாகப் படிந்திருந்தால் உள்ளே ரிங்குகளும் கரியில் இறுகியிருக்கும்.

விற்பவர் மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் மட்டும் ஓட்டிக் காட்டினால், "மண்ணெண்ணெய்க்குத் திருப்புங்க அண்ணன்" என்று கேள். அடுத்தது ஒயில் கலவை. பெரும்பாலான இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு 50 லீற்றருக்கு ஒரு லீற்றர். கொம்பனி சொன்ன அளவே அளவு. அவர் எப்படிக் கலக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேள். "கையளவுதான்" என்று சொன்னால், "எந்த ஒயில்?" என்று அடுத்துக் கேள். லொறி எஞ்சின் ஒயிலை ஊற்றினவரின் எஞ்சினை மலிவாகத் தந்தாலும் நான் எடுக்கமாட்டேன்.

10. தண்ணீர். வெளியே ஒரு சிறு துளையால் எஞ்சின் தண்ணீர் துப்பும். பொடியன்மார் அதை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவார்கள். அது கீழே பம்ப் சுற்றுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளில் உப்பு அடைத்திருந்தாலும் துளை துப்பிக்கொண்டுதான் இருக்கும்.

கடலில் ஓடி, நல்ல தண்ணீரில் கழுவாமல் நிறுத்தின எஞ்சினில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு காய்ந்து படியும். களப்பில் ஓடினதற்கு உப்போடு சேறும் மணலும். மணல் பம்பின் றப்பர் இம்பெல்லரைத் தேய்க்கும். ஆகவே எஞ்சின் கால் மணி நேரம் ஓடின பிறகு, சிலிண்டர்த் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. தண்ணீர் கிடந்து மெதுவாகக் காய்ந்தால் சரி. விட்ட உடனே "சுர்" என்று பறந்தால் தலை கொதிநிலையைத் தாண்டிவிட்டது. மேல் சிலிண்டரிலும் கீழ்ச் சிலிண்டரிலும் தனித்தனியே விட்டுப் பார். ஒன்றில் மட்டும் அடைப்பு இருப்பது சாதாரணம்.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் இல்லாமல் "ஒரு செக்கன்தானே" என்று கரையில் ஸ்டாட் பண்ணிக் காட்ட வருவார்கள். விடாதே. காய்ந்து சுற்றினால் இம்பெல்லர் சில செக்கனிலேயே கருகும், அந்த எஞ்சினைத்தான் நீ வாங்கப் போகிறாய். அப்படி ஸ்டாட் பண்ணிப் பழக்கப்பட்ட ஆள் என்றால் அதுவும் உனக்கு ஒரு தகவல்தானே.

11. கியர்ப்பெட்டியின் கீழ் ஆணியைக் கொஞ்சம் தளர்த்து. ஒயிலைவிடத் தண்ணீர் பாரம், அடியில் நிற்கும். முதலில் தண்ணீர் வந்தாலும், ஒயில் பால் நிறத்தில் வந்தாலும் சீல் போய்விட்டது. பளிச்சென்ற புது ஒயில் வந்தால் நேற்றுத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள், ஓட்டிவிட்டு வந்து மறுபடி திறந்து பார். ஒயிலில் நைசான சாம்பல் பசை இருப்பது பல்லுகள் தேய்வது, பயமில்லை. துண்டு துண்டாக உலோகம் வந்தால் மூடிவிட்டு விடைபெறு.

சீல் ஏன் போகிறது? பாதிக்கு மேல் எங்கள் வேலைதான். வலையும் தங்கூசியும் புரப்பெல்லரில் சுற்றும், வெளியே தெரிவதை அறுத்துவிட்டு ஓட்டுவோம், உள்ளே புகுந்த நாலு சுற்றுத் தங்கூசி தண்டோடு சுழன்று சீலைக் கத்தி போல அறுக்கும். புரப்பெல்லரைக் கழற்றிக் காட்டச் சொல். கழற்றினால் தண்டும் தெரியும், சுற்றிய தங்கூசியும் தெரியும். கழற்றவே வராமல் துருப்பிடித்திருந்தால், இதுவரை ஒருவரும் கழற்றி கிரீஸ் வைக்கவில்லை.

மறுபடி மாட்டி நியூற்றலில் கையால் சுற்று. ஒரு ஈர்க்கை அலகின் அருகில் பிடித்து, எல்லா அலகும் ஒரே தூரத்தில் கடக்கின்றனவா, நடுத்தண்டு ஆடுகிறதா என்று பார். தண்டு வளைந்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

12. இனித் தண்ணீரில் ஓட்டு. கேட்டால் "பீப்பாயில் ஓட்டிப் பார்த்தோமே" என்பார்கள். பீப்பாயில் எஞ்சினுக்குப் பாரமில்லை. தேய்ந்த கியர் பாரத்தில்தான் துள்ளி வெளியே வரும், வழுக்கும் புரப்பெல்லர் றப்பர் பாரத்தில்தான் வழுக்கும், அடைபட்ட காபரேற்றர் முழு வேகத்தில்தான் பசி கிடக்கும். எரிபொருள் உன் செலவு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவருக்கு மறுக்க இடமில்லை.

இரண்டு பேரை ஏற்றிக்கொள். முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டு: மெதுவோட்டத்தில் நின்று நின்று போகிறதா? பிறகு முழு வேகம், ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் எங்கோ வழுக்குகிறது. வேகம் ஏறி ஒரு நிமிடத்தில் தளர்ந்தால் எரிபொருள் வரவில்லை. பம்பின் தோலோ குழாயோ காரணமாக இருந்தால் சின்னச் செலவு. ஐந்து நிமிடம் ஓடித் தளர்ந்தால் சூடு, அது பெரிய செலவு. முன் கியர், நியூற்றல், பின் கியர் மூன்றையும் பலமுறை மாற்று. பின் கியரில் கொஞ்சம் பலமாக முடுக்கிப் பார், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கையில் கட்டும் அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்துப் பார், எஞ்சின் நிற்க வேண்டும்.

அரை மணி நேரம் ஆனதும் நடுக் களப்பில் நிறுத்து. பத்து நிமிடம் சும்மா இரு. நங்கூரம் போட்டு ஒரு வெற்றிலை போடலாம். மறுகா கயிறு இழு. இதுதான் நான் சொல்வதிலேயே முக்கியம். சூடான எஞ்சின் மறுபடி எழும்ப வேண்டும். மின்கொயில் பழுதான எஞ்சின் ஆறினபோது அழகாக எழும்பும், சூடேறினால் நெருப்பு வராது, இரண்டு மணி நேரம் ஆறினால் மறுபடி அழகாக எழும்பும். அத்தனையும் கரையில் தெரியாது. வலை இழுக்க நிறுத்திவிட்டு, இழுத்து முடித்துத் திரும்பும்போது தெரியும். ஆடி மாதக் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருக்க அது உனக்குத் தெரிய வேண்டாம்.

13. விற்பவர்கள் சொல்லும் சில வசனங்கள். "கடலுக்கே போகாதது, களப்பில் மட்டும் ஓடினது": துத்தநாகக் கட்டியைப் பார், அது உண்மை சொல்லும். "ஒரு சின்ன வேலைதான் இருக்கு": சின்ன வேலை என்றால் அவரே செய்துவிட்டு விலையைக் கூட்டியிருப்பார். "காலையில் இன்னொருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார், பின்னேரம் காசோடு வருவார்": வரட்டும்.

எல்லாரும் கள்ளர் என்று நினைத்துக்கொண்டும் போகாதே. மகள் கல்யாணத்துக்காகவோ வெளிநாடு போவதற்காகவோ நல்ல எஞ்சினை விற்கிற மனிதர் இருக்கிறார். அப்படிப்பட்டவர் நீ பிளக் கழற்றுவதைப் பார்த்துக் கோபப்பட மாட்டார். ஸ்பனர் எடுத்துத் தருவார்.

14. விலை பேசுமுன் கடையில் கேட்டு எழுதிக்கொண்டு போ: இம்பெல்லர், சீல் கூட்டம், கொயில், ரிங், புரப்பெல்லர் என்ன விலை. குறை கண்ட ஒவ்வொன்றையும் அந்தத் தாளைக் காட்டிக் கழி. வாயால் பேரம் பேசுவதைவிடத் தாளால் பேசுவது நல்லது, மனிதர் மனமும் நோகாது. வாங்கும் மாதிரிக்கு உதிரிப்பாகம் வாழைச்சேனையிலாவது மட்டக்களப்பிலாவது கிடைக்கிறதா என்பதையும் அங்கேயே கேள். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் சத்தமில்லாமல், புகையில்லாமல், எண்ணெய் குறைவாகக் குடித்து ஓடும். அதன் ஒரு வால்வுக்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்ப நேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் பஸ் காசில் போகும். பக்கத்து வாடிகளில் எந்த மாதிரி அதிகமோ, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் அதையே எடுப்பது நல்லது.

15. காசு கொடுக்கும்போது இரண்டு சாட்சியோடு எழுத்தில் வாங்கு: எஞ்சின் இலக்கம், மாதிரி, குதிரைவலு, விலை, திகதி, இருவரின் அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பதிவை உன் பெயருக்கு மாற்றும் வேலையைப் பின்னால் பார்க்கலாம் என்று விடாதே. அந்த வாரமே பரிசோதகரிடம் போ.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், இம்பெல்லரை மாற்று. பழையது எத்தனை வயது என்று உனக்குத் தெரியாது. கியர் ஒயிலை முழுதும் வடித்து, கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழியும்வரை நிரப்பு. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும். பிளக் இரண்டையும் மாற்றி, பழையதைத் துடைத்து பிளக் ஸ்பனரோடு ஒரு போத்தலுக்குள் போட்டுப் படகில் வை. முதல் இரண்டு வாரம் கரை தெரியும் தூரத்துக்குள், இன்னொரு படகு பக்கத்தில் இருக்கும்படி தொழில் செய். துடுப்பும், நங்கூரமும், ஆழத்தைவிட நாலு மடங்கு நீளக் கயிறும் படகில் கிடக்கட்டும். ஒவ்வொரு நாளும் வந்திறங்கியதும் நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவிவிட்டு, எரிபொருள் குழாயைக் கழற்றி, காபரேற்றரில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை விடு.